‘மெயில் போயிடுச்சு’ என்கிறது புரோகிராம். நிஜமாகவே போய்ச் சேர்ந்ததா? பிஎச்பிமெயிலர் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மாதக் கடைசி. உங்கள் கம்பெனியில் 50 பேர் வேலை பார்க்கிறார்கள். எல்லோருக்கும் சம்பள ஸ்லிப்பை மெயிலில் அனுப்ப ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதும் வேலை உங்கள் தலையில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘மெயில் அனுப்புறதுதானே, அரை மணி நேர வேலை’ என்று உட்காருகிறீர்கள். இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரியை எடுத்து, உங்களுக்கே ஒரு சோதனை மெயில் அனுப்பிப் பார்க்கிறீர்கள். சரியாக வருகிறது. அதையே 50 முறை சுற்றும் லூப்புக்குள் போட்டு ரன் பண்ணுறீங்க.

முதல் ஆளுக்கு அவருடைய ஸ்லிப் போகிறது. இரண்டாவது மெயில் முதல் ஆளுக்கும் இரண்டாவது ஆளுக்கும் சேர்ந்தே போகிறது, இருவரின் ஸ்லிப்புகளோடும். மூன்றாவது மெயில் மூன்று பேருக்கு. ஐம்பதாவது மெயில், ஐம்பது பேரின் சம்பள ஸ்லிப்பையும் சுமந்துகொண்டு ஐம்பது பேருக்கும் போகிறது. 50 டெலிவரி நடக்க வேண்டிய இடத்தில் 1,275 நடந்திருக்கிறது. யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பது இப்போது ஆபீஸ் முழுக்கத் தெரியும். உங்கள் ஸ்கிரீனிலோ 50 தடவையும் ‘வெற்றி’ என்றுதான் வந்திருக்கிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் பிஎச்பிமெயிலர் என்ற லைப்ரரியைப் பயன்படுத்துபவர் ஒரே ஒரு வரியை மறந்தால் இதுதான் நடக்கும். பெறுநர் ஒருவரைச் சேர்த்தால், நீங்களாக நீக்கும் வரை அவர் பட்டியலிலேயே இருப்பார். அட்டாச்மென்ட்டும் அப்படியே. சொன்னதைத்தான் லைப்ரரி செய்தது.

அப்படியானால் மெயில் அனுப்பும் ஒரு லைப்ரரி நமக்காக எதைச் செய்கிறது, எதைச் செய்யாமல் நம்மிடமே விட்டுவிடுகிறது? அந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், மெயில் தொடர்பான பெரும்பாலான தலைவலிகளைத் தவிர்க்கலாம்.

பிஎச்பிமெயிலர் என்றால் என்ன?

பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட புரோகிராம்களிலிருந்து மெயிலைத் தயாரித்து அனுப்ப உதவும் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி இது. 2001-ல் பிரென்ட் மேட்ஸெல் என்பவர் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் தொடங்கினார். 2004-ல் மார்கஸ் பாயின்டனும் ஆண்டி பிரிவோஸ்ட்டும் பொறுப்பேற்றார்கள். நடுவில் இரண்டு மூன்று கிளைகளாகப் பிரிந்து வளர்ந்து, 2013-ல் கிட்ஹப்பில் ஒரே புராஜெக்டாகச் சேர்ந்தது. எல்ஜிபிஎல் 2.1 உரிமத்தில் கிடைக்கிறது, காசு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

பெயரைக் கேள்விப்படாவிட்டாலும் நீங்கள் இதைப் பயன்படுத்தியிருக்க வாய்ப்பு அதிகம். வேர்ட்பிரஸில் இயங்கும் ஏதாவது ஒரு தளத்தில் பாஸ்வேர்ட் மறந்துபோய் ‘ரீசெட்’ அழுத்தியிருக்கீங்களா? வேர்ட்பிரஸ் மெயிலைத் தயாரிப்பது அதற்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கும் பிஎச்பிமெயிலரை வைத்துத்தான். ஜூம்லா போன்ற வேறு பல மென்பொருள்களுக்குள்ளும் இது இருக்கிறது.

மற்ற மொழிகளிலும் இதே வேலைக்கு ஆட்கள் உண்டு. பைத்தானில் எஸ்எம்டிபிலிப் மொழியோடு கூடவே வருகிறது. நோட் ஜேஎஸ்ஸில் நோட்மெயிலர். ஜாவாவில் ஜகார்த்தா மெயில். பெயர்கள் மாறினாலும் இவை எல்லாம் தீர்க்கும் பிரச்னை ஒன்றுதான். எனவே நீங்கள் பிஎச்பி பக்கமே போகாதவராக இருந்தாலும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும்.

‘பிஎச்பியிலேயே மெயில் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கே, அப்புறம் லைப்ரரி எதுக்கு?’ நியாயமான கேள்வி. அந்த ஃபங்ஷன், கடிதத்தைப் பக்கத்தில் இருக்கும் மெயில் சர்வரிடம் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளும். லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலும் அப்படி ஒரு சர்வர் இருக்கும். விண்டோஸ் லேப்டாப்பில் பொதுவாக இருக்காது. யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுத்து வெளியில் இருக்கும் ஒரு சர்வரில் லாகின் செய்யவும் அதற்குத் தெரியாது. அட்டாச்மென்ட் வேண்டுமா? கடிதத்தின் ஒவ்வொரு வரியையும் நீங்களே சரியான வடிவில் கோர்க்க வேண்டும். அதில் ஒரு வரி இடம் மாறினாலும் பெறுபவருக்கு அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான் தெரியும்.

இரண்டு கணினிகள் பேசிக்கொள்வது என்ன?

மெயில் அனுப்பும் முறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் இதன் விதிகளை எழுதி வெளியிட்டார். அப்போது அந்த வலையமைப்பில் இருந்த கணினிகளே சில நூறுதான். கிட்டத்தட்ட எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அதனால் அந்த விதிகளில் ‘நீ யார், நிஜமாகவே நீதானா?’ என்ற கேள்வியே இல்லை.

இன்றைக்கும் அடிப்படை உரையாடல் அதேதான். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

லைப்ரரி: வணக்கம், இந்தக் கணினியிலிருந்து வருகிறேன்.
சர்வர்: 250. சரி.
லைப்ரரி: அனுப்புபவர் முகவரி இது.
சர்வர்: 250. சரி.
லைப்ரரி: பெறுபவர் முகவரி இது.
சர்வர்: 250. சரி.
லைப்ரரி: கடிதத்தைத் தரட்டுமா?
சர்வர்: 354. தா. முடிந்ததும் தனி வரியில் ஒரு புள்ளி வை.
லைப்ரரி: (கடிதம் முழுவதும், கடைசியில் ஒரு புள்ளி)
சர்வர்: 250. எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் எழுதிய கடிதத்திலேயே ஒரு வரியில் வெறும் புள்ளி மட்டும் இருந்தால் என்ன ஆகும்? கடிதம் அங்கேயே முடிந்துவிட்டது என்று சர்வர் நினைத்துக்கொள்ளும். அதனால் புள்ளியில் தொடங்கும் எந்த வரிக்கும் முன்னால் லைப்ரரி இன்னொரு புள்ளியைச் சேர்க்கிறது, எதிர்முனை அதை நீக்கிவிடுகிறது. இந்த மாதிரி சின்னச் சின்ன விதிகள் ஏராளம். அவற்றை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம் என்பதுதான் லைப்ரரி தரும் முதல் லாபம்.

இந்த உரையாடலில் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே சொல்லப்படும் ‘அனுப்புபவர் முகவரி’ தபால் உறையின் மேல் எழுதுவது போன்றது. இன்பாக்ஸில் உங்கள் கண்ணுக்குத் தெரியும் ‘ஃபிரம்’ முகவரி, உறைக்குள் இருக்கும் கடிதத்தின் தலைப்பில் இருப்பது. இரண்டும் வேறு வேறு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எஸ்எம்டிபி கட்டாயப்படுத்துவதில்லை. உங்கள் வங்கியின் பெயரில் போலி மெயில் வருவது எப்படி என்பதற்கான பதிலின் பெரும்பகுதி இந்த ஓர் இடைவெளியில்தான் இருக்கிறது.

தமிழில் சப்ஜெக்ட் எழுதினால் ஏன் உடைகிறது?

1982-ன் எஸ்எம்டிபி, ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் அடங்கிய ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே ஏற்கும். தமிழ், போட்டோ, பிடிஎஃப் எதற்கும் அதில் இடமில்லை. 1992-ல் நதானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் சேர்ந்து உருவாக்கிய மைம் என்ற முறைதான் இதற்கு வழி கண்டது. பழைய குழாயை மாற்றாமல், உள்ளே போகும் பொருளை அந்தக் குழாய்க்கு ஏற்ற வடிவத்தில் மடித்து அனுப்புவது அதன் உத்தி.

‘வணக்கம்’ என்று சப்ஜெக்ட் எழுதுகிறீர்கள். நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடுக்கு, புள்ளிகளைத் தனியாக எண்ணினால், ஏழு குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் 21 பைட். பேஸ்64 என்ற முறை, மூன்று பைட்டை நான்கு ஆஸ்கி எழுத்துகளாக மாற்றும். ஆக, 28 எழுத்துகள். ‘இது யுடிஎஃப்-8, பேஸ்64-ல் மடிக்கப்பட்டது’ என்ற முன்குறிப்போடு ஒரு பொட்டலமாக அது போகிறது.

அந்தப் பொட்டலம் ஒவ்வொன்றும் 75 எழுத்துகளைத் தாண்டக் கூடாது என்பது விதி. கணக்குப் போட்டால் ஒரு பொட்டலத்துக்குள் அதிகபட்சம் 15 தமிழ்க் குறியீடுகள்தான் அடங்கும். சப்ஜெக்ட் அதைவிட நீளமானால் பல பொட்டலங்களாகப் பிரிக்க வேண்டும், அதுவும் ஒரு குறியீட்டின் மூன்று பைட்டுகளுக்கு நடுவில் வெட்டிவிடாமல். நீங்களே எழுதிய புரோகிராம் ‘சம்பள’ வரை சரியாகக் காட்டிவிட்டு அதற்குப் பிறகு கேள்விக்குறி கட்டங்களாகக் காட்டுகிறதா? முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த வெட்டைத்தான்.

இந்த வேலையை பிஎச்பிமெயிலர் பார்த்துக்கொள்கிறது. ஆனால் ஒரு கண்டிஷன். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், எழுத்து வகை ஐஎஸ்ஓ-8859-1 என்று அது எடுத்துக்கொள்ளும். அது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது. அப்படியே விட்டால், உங்கள் தமிழ் வரி முழுக்க தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும், வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுதிய வணிக முத்திரைக் குறியும் மாறி மாறி வரும். இந்தக் கோலத்தைப் பார்த்திருக்கீங்கன்னா, இனி காரணம் உங்களுக்குத் தெரியும். ‘சார்செட்’ என்ற அமைப்பை யுடிஎஃப்-8 என்று மாற்றும் ஒரு வரி போதும்.

அட்டாச்மென்ட்டுக்கும் இதே மடிப்புதான். மூன்றுக்கு நான்கு என்பதால் ஃபைல் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 20 எம்பி ஃபைல் மெயிலுக்குள் போகும்போது 27 எம்பியை நெருங்கும். ‘லிமிட் 25 எம்பிதானே, என் ஃபைல் அதுக்குள்ளதானே இருக்கு, ஏன் திருப்பி அனுப்புது?’ என்ற குழப்பம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

2016 கிறிஸ்துமஸ்: முகவரியே கட்டளையானபோது

இந்த லைப்ரரியின் வரலாற்றில் மோசமான வாரம் 2016 டிசம்பர் கடைசி வாரம். டேவிட் கோலுன்ஸ்கி என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஒரு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்தார். சிவிஈ-2016-10033 என்பது அதன் பதிவு எண்.

நடந்தது இதுதான். பிஎச்பியின் பழைய மெயில் ஃபங்ஷன் வழியாக அனுப்பும்போது, பிஎச்பிமெயிலர் அனுப்புபவரின் முகவரியை லினக்ஸில் இருக்கும் சென்ட்மெயில் என்ற புரோகிராமுக்கு ஒரு கட்டளை வரியில் கொடுக்கும். மெயில் முகவரிக்கான விதிகளோ, நாம் நினைப்பதைவிடத் தளர்வானவை. மேற்கோள் குறிக்குள் எழுதினால் முகவரியில் இடைவெளிகூட இருக்கலாம். அந்த இடைவெளியைப் பயன்படுத்தி, முகவரி போலத் தோன்றும் ஒன்றுக்குள் சென்ட்மெயிலுக்கான கூடுதல் கட்டளைகளை ஒளித்து வைக்க முடிந்தது.

சென்ட்மெயிலில், நடந்ததையெல்லாம் ஒரு ஃபைலில் எழுதி வைக்கச் சொல்லும் வசதி உண்டு. தாக்குபவர், இணையதளத்தின் ஃபோல்டருக்குள்ளேயே பிஎச்பி ஃபைலாக அதை எழுதச் சொல்கிறார். கடிதத்துக்குள் பிஎச்பி புரோகிராமை எழுதி அனுப்புகிறார். பிறகு பிரவுசரில் அந்த ஃபைலைத் திறந்தால் போதும், சர்வர் அவர் சொன்னபடி ஆடும். இவ்வளவுக்கும் தேவைப்பட்டது, ‘எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்’ என்ற ஒரு ஃபார்மும், அதில் மெயில் முகவரி கேட்கும் ஒரு கட்டமும்தான். அந்த முகவரியைச் சரிபார்க்காமல் அப்படியே ‘அனுப்புபவர்’ இடத்தில் போட்டிருந்த தளங்கள் சிக்கின.

டிசம்பர் 24 அன்று 5.2.18 என்ற திருத்தப் பதிப்பு வந்தது. அதையும் தாண்ட முடியும் என்று உடனே தெரியவந்தது. லைப்ரரி முகவரியைப் பத்திரமாக மேற்கோளுக்குள் பொதிந்தது. பிஎச்பியும் தன் பங்குக்கு உள்ளே இன்னொரு முறை பாதுகாப்புக் குறிகளைச் சேர்த்தது. இரண்டு பூட்டும் ஒன்றோடு ஒன்று மோதிக் கதவு திறந்துகொண்டது. டிசம்பர் 28-ல் 5.2.20 வந்த பிறகே இந்த ஓட்டை அடைபட்டது. மெயில் ஃபங்ஷனைத் தொடாமல் எஸ்எம்டிபி வழியாக நேரடியாக அனுப்பியவர்களை இந்தப் பிரச்னை பாதிக்கவில்லை.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2025 ஜூலையில் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, இதே ஓட்டையை ‘நடைமுறையில் தாக்குதலுக்குப் பயன்படுத்தப்படுபவை’ என்ற தன் பட்டியலில் சேர்த்தது. திருத்தம் வந்து எட்டரை ஆண்டுக்குப் பிறகும் திருத்தாத சர்வர்கள் எங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் புதிதாகச் சேர்ந்த கம்பெனியில் யாரும் தொட விரும்பாத பழைய பிஎச்பி தளம் ஒன்று இருந்தால், அதன் பிஎச்பிமெயிலர் பதிப்பு எண்ணை இன்றைக்கே பாருங்கள். லைப்ரரியைத் திருத்துவது அதைப் பராமரிப்பவர்கள் வேலை. திருத்தியதை நிறுவுவது உங்கள் வேலை.

‘250 சரி’ என்றால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இதுதான்.

லைப்ரரி ‘அனுப்பியாச்சு’ என்று சொன்னால், முதல் சர்வர் கடிதத்தை வாங்கிக்கொண்டது என்று மட்டுமே அர்த்தம். தபால் பெட்டியில் போட்ட மாதிரி. அங்கிருந்து அது பெறுபவரின் சர்வருக்குப் போக வேண்டும். அந்த சர்வர் ஏற்க வேண்டும். ஏற்றாலும் இன்பாக்ஸா, ஸ்பேமா என்று முடிவெடுக்க வேண்டும். இவற்றில் எதுவும் உங்கள் புரோகிராமுக்குத் தெரியாது.

பெறுபவரின் முகவரியே இல்லையென்றால், ‘கொடுக்க முடியவில்லை’ என்ற பதில் கடிதம் உறையில் எழுதிய அனுப்புநர் முகவரிக்குத் திரும்பி வரும். அங்கே யாரும் திறந்து பார்க்காத ‘நோரிப்ளை’ முகவரியை எழுதியிருந்தால்? வாடிக்கையாளர் ஓடிபிக்காகக் காத்துக்கொண்டே இருப்பார். உங்கள் லாகில் எல்லாம் பச்சையாகவே இருக்கும்.

இன்னொன்று. சர்வர் 5-ல் தொடங்கும் எண்ணைச் சொன்னால் நிரந்தர மறுப்பு. 4-ல் தொடங்கினால் ‘இப்போ முடியாது, அப்புறம் வா’. மெயில் சர்வர்கள் அப்படிப்பட்ட கடிதத்தை வரிசையில் வைத்து மறுபடி மறுபடி முயலும். பிஎச்பிமெயிலர் அப்படிச் செய்யாது. ஒரு முறை முயன்று, தோற்றால் தோற்றதாகச் சொல்லிவிட்டு நின்றுவிடும். மறுமுயற்சிக்கான வரிசையை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது அதைச் செய்யும் ஒரு மெயில் சர்வரிடம் கொடுக்க வேண்டும்.

மெயில் ஏன் ஸ்பேமுக்குப் போகிறது?

1982-ல் கேட்கப்படாத ‘நீ யார்?’ என்ற கேள்வியைப் பிற்காலத்தில் மூன்று அடுக்குகளாகச் சேர்த்தார்கள். மூன்றும் உங்கள் டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளில் எழுதப்படுபவை.

எஸ்பிஎஃப்: ‘என் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வர்களுக்கு மட்டுமே அனுமதி’ என்ற பட்டியல். உறையில் இருக்கும் முகவரியை வைத்து இது சரிபார்க்கப்படுகிறது.

டிகிம்: கடிதத்தின் மேல் போடும் டிஜிட்டல் முத்திரை. வழியில் யாராவது மாற்றினால் முத்திரை பொருந்தாது. பிஎச்பிமெயிலரே இந்த முத்திரையைப் போட முடியும், ஆனால் பெரும்பாலும் மெயில் சர்வர்தான் போடுகிறது.

டிமார்க்: கண்ணுக்குத் தெரியும் ‘ஃபிரம்’ டொமைனோடு மேலே சொன்ன இரண்டில் ஒன்றாவது பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்வது. பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் இதில் எழுதலாம். விட்டுவிடு, ஸ்பேமில் போடு, திருப்பி அனுப்பு என்று மூன்று வாய்ப்புகள்.

2024 பிப்ரவரியில் இருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதைக் கண்டிப்பாக்கிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு இந்த மூன்றுமே வேண்டும். விளம்பர மெயிலில் ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் இருக்க வேண்டும். ஸ்பேம் என்று புகார் செய்பவர்களின் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. அதைவிடக் குறைவாக அனுப்பினாலும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது இல்லாமல் முடியாது.

இப்போது அந்தத் தொடர்பு ஃபார்முக்கு வருவோம். வாடிக்கையாளர் தன் ஜிமெயில் முகவரியைக் கொடுக்கிறார். நீங்கள் அதையே ‘ஃபிரம்’ ஆக வைத்து உங்கள் சர்வரிலிருந்து அனுப்புகிறீர்கள். பார்க்க வசதிதான், ‘ரிப்ளை’ அழுத்தினால் நேராக அவருக்கே போகும். ஆனால் எதிர்முனையின் பார்வையில், ஜிமெயில் பெயரில் ஏதோ ஓர் ஊர் பேர் தெரியாத சர்வர் கடிதம் அனுப்புகிறது. போலி மெயிலுக்கும் இதுதான் இலக்கணம். ‘ஃபிரம்’ எப்போதும் உங்கள் டொமைனாகவே இருக்கட்டும். வாடிக்கையாளரின் முகவரியை ‘ரிப்ளை-டு’வில் போடுங்கள். பிஎச்பிமெயிலரில் அதற்குத் தனி வசதியே இருக்கிறது. 2016-ல் சிக்கிய தளங்களும் இதே பழக்கத்தால்தான் சிக்கின என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பி-பேஸ்ட்டில் கூடவே வரும் ஆபத்துகள்

முதலாவது, பாஸ்வேர்ட். மாதிரிகளில் அது புரோகிராமுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். அதை அப்படியே கிட்ஹப்பில் ஏற்றிவிட்டு, பிறகு நினைவு வந்து அழித்தாலும், பழைய பதிப்புகளின் வரலாற்றில் அது இருக்கும். ஏற்றிவிட்டால் செய்ய வேண்டியது பாஸ்வேர்டையே மாற்றுவதுதான். அதைப் புரோகிராமுக்கு வெளியே, என்விரான்மென்ட் மாறியாக வையுங்கள். ஜிமெயில் கணக்கு வழியாக அனுப்புபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2022 மே 30-க்குப் பிறகு வழக்கமான ஜிமெயில் பாஸ்வேர்டை இதற்குக் கொடுக்க முடியாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து கொண்ட ஆப் பாஸ்வேர்ட் எடுக்க வேண்டும். அல்லது ஓஆத் முறைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, சான்றிதழ் சரிபார்ப்பு. ‘கனெக்ட் ஆகலையா? இந்த மூணு வரியைச் சேருங்க’ என்று இணையத்தில் ஒரு வைத்தியம் உலவுகிறது. எதிரில் இருப்பது உண்மையான சர்வரா என்று பார்ப்பதையே அது நிறுத்திவிடும். கனெக்ட் ஆகும்தான், யாரோடு கனெக்ட் ஆனது என்று தெரியாது. உங்கள் பாஸ்வேர்டும் அவரிடமே போகும். 2014-ல் வந்த பிஎச்பி 5.6 முதல் இந்தச் சரிபார்ப்பு இயல்பாகவே நடக்கிறது. அது தோற்றால் காரணத்தைத் தேடுங்கள், காவலாளியை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

மூன்றாவது, டீபக். சோதனையின்போது சர்வர் பேசுவதையெல்லாம் திரையில் காட்டும் வசதி அருமையானது. அதை அணைக்காமல் லைவ் தளத்தில் விட்டால், வாடிக்கையாளரும் அதைப் படிப்பார்.

நான்காவது, போர்ட். சர்வருக்கும் சர்வருக்கும் இடையே பேசப் பயன்படும் 25-ஐ அமேசானின் ஈசி2 உட்படப் பல கிளவுட் சேவைகள் இயல்பாகவே அடைத்து வைத்திருக்கின்றன. லேப்டாப்பில் ஓடியது, கிளவுடில் பேசாமல் தொங்குகிறதா? 587 அல்லது 465 போட்டுப் பாருங்கள்.

அந்த ஒரு வரி

சம்பள ஸ்லிப்புக்குத் திரும்புவோம். லூப்பின் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பெறுநர் பட்டியலைக் காலி செய்ய ‘கிளியர்அட்ரசஸ்’, அட்டாச்மென்ட்டைக் காலி செய்ய ‘கிளியர்அட்டாச்மென்ட்ஸ்’. நடுவில் ஒரு மெயில் தோற்றாலும் இந்த இரண்டும் ஓடும்படி எழுதுங்கள். இல்லையென்றால் தோற்றவரின் ஸ்லிப் அடுத்தவருக்குப் போகும்.

எங்கள் பரிந்துரை, சோதனையை எப்போதும் இரண்டு பேரை வைத்தாவது செய்யுங்கள் என்பது. ஒரே ஒருவருக்கு அனுப்பிப் பார்க்கும் சோதனையில் இந்தத் தவறு ஒருபோதும் தெரியாது. முதல் சுற்று எப்போதும் சரியாகவே இருக்கும். அதோடு, உண்மையான முகவரிகளுக்குப் பதில் மெயில்களைப் பிடித்து வைத்துக் காட்டும் ஒரு சோதனை சர்வரில் முதலில் முழுப் பட்டியலையும் ஓட்டுங்கள். 50 பேருக்கு 50 மெயில் வந்திருக்கிறதா என்று எண்ணுங்கள்.

இது வெறும் ஆபீஸ் கிசுகிசு சமாச்சாரமும் இல்லை. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. சம்பள ஸ்லிப்பில் பெயர், பான் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருக்கும்.

ஜிமெயிலில் ‘அன்டு’ இருக்கிறதே என்று கேட்கலாம். அது அதிகபட்சம் 30 விநாடி மெயிலை அனுப்பாமல் பிடித்து வைக்கும் ஏற்பாடு, போனதைத் திரும்ப வாங்குவது கிடையாது. எஸ்எம்டிபியில் ‘திருப்பிக் கொடு’ என்று ஒரு கட்டளையே இல்லை. எதிர்முனை 250 என்று சொன்ன அந்த நொடியில் கடிதம் உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. அதனால் ரன் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் அந்த லூப்பை இன்னொரு தடவை படிச்சுடுங்க.